விடால் மலையில் 900 பெண்கள் படித்தார்களா?

வந்தவாசிப் பக்கத்து வேடல் மலைக்குப் போய்விட்டு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே 900 பெண்கள் தங்கிப் படித்த சமணப் பல்கலைக்கழகம் இருந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. நேரில் போனால் பாறையும் குகையும்தான் இருக்கிறது. செய்தி பொய்யா, அல்லது கட்டடத்தை யாராவது இடித்துவிட்டார்களா? இதை யார் காப்பாற்ற வேண்டும்?"

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். கட்டடமே இல்லாத இடத்தில் ஒரு மடம் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அது தெளிவானால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தானாகவே தெரிந்துவிடும். நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். விடுமுறை நாட்களில் கல்வெட்டுப் படியெடுக்கப் போய்ப் போய் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கல்லில் இருக்கும் எழுத்தைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். சமணத் தத்துவத்தில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம்தான், அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். வேடலின் பழைய பெயர் விடால். அங்கே உள்ள ஒரு கல்வெட்டை அரசுக் கல்வெட்டுத் துறை 1908-இல் பதிவு செய்தது, பிறகு அச்சிலும் வந்தது. இராசகேசரி என்ற பட்டம் கொண்ட அரசனின் 14-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. விடாலில் குணகீர்த்தி படாரர் என்ற சமண ஆசாரியர், அவர் வழியில் வந்த மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார், அந்தக் குரத்தியாருக்குக் கீழே ஐந்நூறு மாணாக்கியர். இவர்களுக்கும் இன்னொரு நானூறு துறவியருக்கும் ஏதோ தகராறு. அந்தச் சமயத்தில் ஊரார் முன்வந்து, கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் நாங்கள் காத்து ஊட்டுவோம், அதாவது பாதுகாப்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கல்வெட்டின் சாரம் இவ்வளவுதான்.

ஆகவே செய்தி பொய் இல்லை, ஆனால் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஐந்நூறையும் நானூறையும் கூட்டி 900 என்று போட்டவர், அந்த இரண்டு கூட்டமும் சண்டை போட்டுக்கொண்டவை என்பதைக் கவனிக்கவில்லை. எதிரெதிரே நின்றவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். நானூற்றுவரும் பெண்கள்தான் என்று கொண்டவர்கள் உண்டு. அவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கனகவீரக் குரத்தியார் பக்கத்தில் இருந்தவர்கள் பெண்கள் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

அப்புறம் இந்த எண்கள். நம் கல்வெட்டுகளில் எண்ணே குழுவின் பெயராக நிற்பது வழக்கம். நாடு நாடாகப் போய் வியாபாரம் செய்த வணிகக் குழுவுக்குத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று பெயர். அதற்காக அவர்கள் மொத்தமே ஐந்நூறு பேர் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. விடால் ஐந்நூறும் அப்படி ஒரு குழுப்பெயராக இருக்கலாம், தலையெண்ணிப் போட்ட கணக்காகவும் இருக்கலாம். அந்த மலையடிவாரத்தின் அளவையும் தண்ணீர் வசதியையும் பார்த்தால் எனக்கு முதலாவதே சரி என்று படுகிறது. இது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

காலத்தையும் பார்த்துவிடலாம். இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டும் சோழர்கள் மாற்றி மாற்றிச் சூடிக்கொண்ட பட்டங்கள். இராசகேசரி என்று மட்டும் இருந்தால் எந்தச் சோழன் என்று எழுத்தின் வடிவத்தையும் மற்ற சான்றுகளையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். விடால் கல்வெட்டை முதலாம் ஆதித்தனுக்கு உரியதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். அவன் 871-இல் பட்டத்துக்கு வந்தான் என்ற கணக்குப்படி 14-ஆம் ஆண்டு என்பது சுமார் 885. ஒன்பதாம் நூற்றாண்டு என்று சொன்னால் தைரியமாகச் சொல்லலாம். 885 என்று சொன்னால் 'சுமார்' என்பதை விட்டுவிடக் கூடாது.

குரத்தி என்ற சொல்லில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இது குரவர் என்பதன் பெண்பால், ஆசிரியை என்று பொருள். இடையின ர. குறிஞ்சி நிலத்துக் குறத்தி வேறு, அது வல்லின ற. ஒரு தடவை ஒரு கிராமத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தபோது எழுத்துக் கூட்டிப் படித்த பையன் ஒருவன், "சார், இது வள்ளி கல்வெட்டா?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அச்சிட்ட உள்ளூர் வரலாறுகளிலேயே இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். குரத்தி தவிர கந்தி, கவுந்தி, ஆரியாங்கனை என்றும் சமணப் பெண் துறவிக்குப் பெயர்கள் உண்டு. கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை கூட்டிப்போன கவுந்தியடிகளை எல்லாருக்கும் தெரியும். புகாரிலிருந்து புறப்பட்ட இருவரும் முதலில் போய்ச் சேருவது பூமரச் சோலைக்குள் இருந்த அவருடைய இருப்பிடத்துக்கு. சிலப்பதிகாரம் அதைக் 'கவுந்திப் பள்ளி' என்றே சொல்கிறது. ஒரு பெண் துறவியின் பெயரால் ஒரு பள்ளி என்பது கேட்பவர்களுக்கு விநோதமாகப் படாத காலம் அது.

'பள்ளி' என்றதும் நமக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழகக் கதைக்கு விதை விழுந்ததும் இங்கேதான் என்று நினைக்கிறேன். பள்ளி என்பது துறவிகள் தங்கும் இடம், படுக்கும் இடம். பள்ளிக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். மாணாக்கியார் என்றால் ஒரு குருவின் வழியில் தீட்சை பெற்றவர். அங்கே படிப்பும் இருந்திருக்கும், சந்தேகமில்லை. பாடத்திட்டம், பட்டம், விடுதி என்றெல்லாம் கற்பனை செய்தால் அதற்குக் கல்லில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

விடால் கல்வெட்டைவிட உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை என்பதுதான் வருத்தம். முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆண்டு, அதாவது சுமார் 945. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் பட்டினிக் குரத்தி அடிகள் ஒரு கிணறு தோண்டுவிக்கிறார். அந்தக் கிணறும் அதைச் சேர்ந்த வீடும் பெண்பள்ளியாக இருக்க வேண்டும், இருபத்துநால்வர் என்ற குழு அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பெண்பள்ளி என்ற சொல்லே இருப்பதால் இங்கே சுற்றி வளைத்து ஊகிக்க வேண்டியதே இல்லை. ஒரு வீடு, ஒரு கிணறு, மேற்பார்வைக்கு ஒரு குழு. பத்தாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் பெண் துறவியர் மடம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். தண்ணீர் ஏற்பாடு செய்தவரே ஒரு குரத்தி என்பதையும் கவனியுங்கள். அவர் கையில் செலவழிக்க ஏதோ இருந்திருக்கிறது, ஒரு ஏற்பாட்டை நிறுவும் அதிகாரமும் இருந்திருக்கிறது.

தெற்கே போனால் கோவில்பட்டிப் பக்கத்தில் கழுகுமலை. பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், ஒவ்வொன்றின் கீழும் இன்னார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில் சின்னச் சின்ன வரிகள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. அந்த வரிகளில் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், நால்கூர்க் குரத்திகள் என்று ஊர்ப்பெயரோடு குரத்திகள் வருகிறார்கள். திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அந்த மலையிலேயே ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்திகள் அங்கே பகவதிக்குப் பொன் கொடுத்ததை அது சொல்கிறது. (இந்த அரிட்டநேமியும் விளாப்பாக்கத்து அரிட்டநேமியும் ஒருவரே என்று கொள்ளச் சான்று இல்லை. பேர் ஒற்றுமையை வைத்துக் கதை கட்டுவோர் அதிகம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.) சிதறால் பெயரைத் தாங்கிய ஒரு குரத்தி கோவில்பட்டிப் பக்கத்து மலையில் பதிவாகிறார் என்றால், இந்தப் பெண்களின் தொடர்பு ஒரு மலையோடு நின்றுவிடவில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அறிஞர்களை ரொம்ப நாளாகக் குடைகிறது. தமிழ்நாட்டுச் சமணம் பெரும்பாலும் திகம்பரம், அதாவது துறவிகள் ஆடையையும் துறக்கும் பிரிவு. திகம்பரக் கொள்கைப்படி பெண் பிறவியிலிருந்து நேரே வீடுபேறு கிடையாது, அடுத்து ஆணாகப் பிறந்துதான் அடைய வேண்டும். அப்படி இருக்கும்போது பெண்கள் ஆசிரியராக, தலைவியாக, கொடையாளியாக இத்தனை கல்வெட்டுகளில் எப்படி வந்தார்கள்? பெண்ணுக்கும் வீடுபேறு உண்டு என்று ஒப்புக்கொண்ட யாபனீயப் பிரிவின் செல்வாக்காக இருக்கலாம் என்பது ஒரு பதில். கல்வெட்டுகளில் அதற்கு நேரடிச் சான்று இல்லாததால் நான் அதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. தத்துவ நூல் சொல்வதும் ஊரில் நடந்ததும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பது என் கட்சி. விடால் ஊரார் சோறு போடுவதாக எழுதிக் கொடுத்தபோது கனகவீரக் குரத்தியாருக்கு இந்தப் பிறவியில் மோட்சம் உண்டா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, கட்டடம் எங்கே? என் பதில் சப்பென்று இருக்கும். யாரும் படையெடுத்து வந்து இடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரண்மனைகளே செங்கல்லும் மரமுமாக இருந்து மண்ணோடு போய்விட்டன. விளாப்பாக்கத்துப் பெண்பள்ளி ஒரு 'வீடு' என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். மண்சுவர், கூரை, மிஞ்சினால் செங்கல். கவனிக்க ஆள் இல்லாமல் போனால் சில தலைமுறைகளில் மேடாகிவிடும். அந்தச் செங்கலை அடுத்த வீட்டுக்காரர் எடுத்துப்போயிருப்பார், நல்லதே செய்தார் என்றுகூடச் சொல்லலாம். இது தவிர, சமணத் துறவியர் மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கி, மற்ற நாட்களில் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் மாதிரி ஒன்றை அவர்களிடம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சில இடங்கள் அழியவில்லை, ஆள் மாறின. சிதறால் பிற்காலத்தில் பகவதி கோயிலாகத் தொடர்ந்தது. திருப்பான்மலைக்கு இன்று பஞ்சபாண்டவர் மலை என்று பெயர். குகையும் கற்படுக்கையும் இருந்தால் பாண்டவர் தலையில் கட்டுவது நம் வழக்கம். அந்தப் பெயர் குரத்திகளை மறக்கடித்தது, ஆனால் சாமி இடம் என்ற பயத்தைக் கொடுத்து உளியிலிருந்து பாறையைக் காப்பாற்றியும் இருக்கும்.

காப்பாற்றுவதைப் பற்றிப் பழைய ஆட்களுக்கும் கவலை இருந்தது. அதே திருப்பான்மலையில் முதலாம் இராசராசனின் 8-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. இலாடராசன் வீரசோழன் என்ற சிற்றரசன் தன் தேவியோடு கும்பிட வருகிறான். பள்ளிச்சந்தமான கூரகன்பாடி ஊரின் கற்பூர விலை என்ற வரியை வேறு யாரோ எடுத்துக்கொண்டதால் பள்ளி கெட்டுப்போகிறது என்று தேவி முறையிடுகிறாள். அவனும் அதை விட்டுக்கொடுக்கிறான். கடைசியில் வழக்கமான சாபம். இதை அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையில் செய்தவர்கள் செய்த பாவத்தையெல்லாம் கொள்வான், காப்பவன் பாதத்தூளி என் தலைமேல். அன்றைய பாதுகாப்புச் சட்டம் அது. மடத்துக்கு ஆபத்து வந்தது இடிப்பவனால் இல்லை, வரவு நின்றதால் என்பதை அந்தத் தேவி கண்டுபிடித்திருக்கிறாள். நம் துறைகளுக்கு இன்றும் இது புரிய நாளாகிறது.

இன்றைய சட்டம் வேறு மாதிரி. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தமிழ்நாடு அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. சிதறால் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோயில் மாநிலத் துறையிடம். மத்தியப் பட்டியலில் உள்ள சின்னம் என்றால், 2010 திருத்தத்துக்குப் பிறகு, சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தியா முழுவதற்கும் மத்தியப் பட்டியலில் இருப்பவை சுமார் 3,700 தான். கல்வெட்டுள்ள பாறைகளில் பெரும்பகுதி எந்தப் பட்டியலிலும் இல்லை, வருவாய்த் துறைக் கணக்கில் வெறும் புறம்போக்கு. பட்டியலில் இருந்தாலும் எல்லை போடுவது கண்ணுக்குத் தெரியும் குகையையும் சிற்பத்தையும் சுற்றித்தான். குரத்தியார் தோண்டிய கிணறு மாதிரியானவை அந்த எல்லைக்குள் வரும் என்று சொல்ல முடியாது. பெண்பள்ளி என்பதே அந்தக் கிணறும் வீடும்தானே.

நான் நேரில் பார்த்த சேதங்களில் பாதிக்கு மேல் நல்ல எண்ணத்தால் வந்தவை. ஒரு மலையில், ஊர்ப்பெயர் வேண்டாம், திருவிழாவுக்காகக் குகை முழுக்க வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் படியெடுத்த ஏழு வரிகளில் இப்போது ஒன்றரை வரிதான் கண்ணுக்குத் தெரிகிறது. பெயின்டைச் சுரண்டி எடுக்கிறேன் என்று இரும்பு பிரஷ்ஷோடு ஒரு இளைஞர் கூட்டம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன், பெயின்டைவிட அந்த பிரஷ் மோசம். போட்டோவில் எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் போட்டுத் தடவுவதும் தப்பு. தடவுகிறவர் தனக்குத் தோன்றிய எழுத்தைத் தடவுகிறார், அடுத்து வருபவர் அதைத்தான் படிக்கிறார். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், அல்லது பக்கவாட்டில் டார்ச் பிடியுங்கள். எழுத்து தானாக எழுந்து நிற்கும். புதையல் தேடுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது என்பதை மட்டும் ஊரில் சொல்லி வையுங்கள்.

யார் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டீர்கள். சட்டப்படி துறை. நடைமுறையில், துறைக்கு ஒரு மலைக்கு ஒரு காவலர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டும் சமணச் சிற்பமும் உள்ள மலை, 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். அப்படி இருந்தும் அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. சுற்றுவட்டக் கிராமத்து மக்கள் திரண்டு நின்ற பிறகுதான் 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. விடால் ஊரார் சுமார் 885-இல் கல்லில் எழுதிக் கொடுத்ததை இவர்கள் தெருவில் நின்று செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நீங்கள் செய்யக்கூடியது இது. கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் பாறையின் புல எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு துறைகளிடமும் எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் வரும். இல்லை என்று வந்தால் அந்தப் பதிலோடு, தேதியிட்ட படங்களையும் சேர்த்து ஆட்சியருக்கு மனு. கிராம சபையில் ஒரு தீர்மானம் போட முடிந்தால் இன்னும் நல்லது, குவாரி விண்ணப்பம் வரும் நாளில் அந்தக் காகிதம் பேசும். வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள், அது அவர்களுக்கு வழிபடும் இடம்.

அப்புறம் ஒன்று. மலையடிவாரத்தில் வயசானவர்கள் யாராவது இருந்தால் தூர்ந்துபோன பழைய கிணறு எங்கே இருந்தது என்று கேட்டு, அந்த இடத்தையும் படமெடுத்துக் குறித்து வையுங்கள். பாறையை எல்லாரும் படமெடுக்கிறார்கள், கிணற்றை யாரும் எடுப்பதில்லை.